“வந்துட்டாரா” என்று யாரைக் கேட்டீர்கள், அத்தான்?

பிரியமும் எரிச்சலும் சரிபாதியாகச் சேர்ந்த என் பாக்கியநாதன் அத்தானுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் காலையில் பஸ் ஸ்டாண்டு முன்னால், நாலு பேர் பார்க்க, உங்கள் கிடாவைப் பார்த்து, “இங்கன வாங்க, ஓரமா வாங்க, லாரி வருதுல்லா” என்று கூப்பிட்டுவிட்டேன். புளியங்குடி பஸ்ஸுக்கு நின்ற எலுமிச்சை வியாபாரி ஒருவர், நான் யாரோ சம்பந்தியை அழைக்கிறேன் என்று நினைத்துத் திரும்பினார். ஆட்டைப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். இதே காரியத்துக்காக உங்களை வருஷக்கணக்கில் கேலி செய்த வாய் இது. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

இந்தக் கடிதத்தைச் சபைப் பத்திரிகையில் போடப்போகிறார்களாம். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காக விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நான் சொல்லச் சொல்ல உங்கள் மகள் எஸ்தர் பிழையில்லாமல் எழுதித் தருகிறாள், உங்களைப் போலவே முகத்தைச் சுளித்துக்கொண்டு.

ஊர் சேதி கொஞ்சம். தாலுகா கச்சேரிக்குக் கரண்ட் வந்துவிட்டது. தாசில்தார் தலைக்கு மேல் காற்றாடி சுற்றுகிறது, கீழே காகிதம் பறக்கிறது. நீங்கள் உட்கார்ந்து பத்திரம் எழுதிய கொட்டகையில் இப்போது ஒரு வாலிபன் டைப் மிஷினோடு உட்கார்ந்திருக்கிறான். என் சோடாக்கடை அதே இடத்தில்தான், பக்கத்திலேயே. ஆனால் அந்தப் பையன் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. “நீங்க வாசிச்சுப் பாத்துட்டுத்தான் போடணும்” என்கிறான். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

நீங்கள் கூப்பிடுவீர்கள். “வே, தேவசகாயம், ஒரு சாட்சி குறையுது” என்ற சத்தம் கேட்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவேன். எழுத்தில் நான் உருப்படியாகக் கற்றது என் கையெழுத்து ஒன்றுதான். அதையும் நீங்கள்தான் பழக்கினீர்கள். ஒருநாள் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா?

“இத்தனை பத்திரத்துல சாட்சி போட்டீரே, ஒண்ணையாவது வாசிச்சீரா?”

“நீங்க எழுதினதுதான அத்தான். அதுல என்ன வாசிக்க?”

“அதுதான் வே ஆபத்து.”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. நான் பெருமையாகச் சொன்னதை நீங்கள் ஏன் நோயைப் போலப் பார்த்தீர்கள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

உங்கள் மரியாதைக் கூத்தையும் சொல்லிவிட வேண்டும். சவரம் செய்ய வருகிறவரை “வாங்க”, கச்சேரி வாசலைக் கூட்டுகிற அம்மாவை “வாங்க”, பால்குடி மறக்காத பிள்ளையை “வாங்க”, கடைசியில் ஆட்டையும் “வாங்க”. மேய்ச்சலுக்குப் போன கிடா திரும்பத் தாமதித்தால், “அவரு இன்னும் வரலையா?” என்று விசாரிப்பீர்கள். ஊரில் சிலருக்கு இது கோபம். யாருக்கு எந்த மரியாதை என்று அளந்து வைத்திருக்கிற ஊரில், நீங்கள் எல்லாருக்கும் ஒரே படியில் அளந்தால் கோபம் வராதா?

நான் கேட்டேன்: “ஆட்டுக்கு வாங்க, எனக்கு மட்டும் வேயா?”

“யாரு எவருன்னு சரியாத் தெரியாதவுகளுக்குக் கூட்டித்தான் குடுக்கணும். கூடிப்போனா நஷ்டம் இல்ல. குறைஞ்சுபோனா பாவம். உம்மைத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே!”

அதற்கு நான் குடிக்கக் கொடுத்த சோடாவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது சிரிப்பில்லாத பகுதி. என் அக்கா, உங்கள் வீட்டுக்காரி, டைபாய்டில் கிடந்தபோது, அவள் பிழைத்தால் இந்தக் கிடாவைச் சபை விருந்துக்குத் தருவதாக நேர்ந்துகொண்டீர்கள். அப்போது அது குட்டி. நீங்கள் உபவாசம் இருந்தீர்கள், சபை முழுக்க முழங்காலில் நின்றது. அக்கா போய்விட்டாள். குட்டி நின்றது.

விருந்துக்கு ஆடு கேட்டு வந்த சபைக் கமிட்டியாரிடம் நீங்கள் சொன்ன பதிலை ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். “வழக்கு நிலுவையில இருக்கு. நிலுவையில இருக்கும்போது சொத்தைக் கை மாத்தக் கூடாது.” அந்த வழக்கில் எதிராளி யார் என்று கேட்கிற தைரியம் ஒருவருக்கும் வரவில்லை. அப்படியாக அந்தக் கிடா கத்தியைப் பார்க்காமல் கிழடாகி, தாடி வளர்த்து, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரைப் போல ஊரைச் சுற்றிவருகிறது.

அதிலிருந்து நீங்கள் பீடத்தில் அப்பமும் ரசமுமாகத் தருகிற நற்கருணை வாங்குவதையும் நிறுத்தினீர்கள். கோயிலுக்கு வராமல் இருந்தீர்களா? ஒரு ஞாயிறும் தப்பவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாரையும்விடச் சுதி சுத்தமாகப் பாடுவீர்கள். எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போய்க் கை நீட்டும்போது மட்டும், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிடுவீர்கள். வெறும் பெஞ்சுகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக. எஸ்தர் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை நீங்கள் பார்க்கவே இல்லையா, அத்தான்?

“அது கையெழுத்துப் போடுத மாதிரி வே” என்றீர்கள் என்னிடம். “கையை நீட்டினா, எழுதியிருக்கதெல்லாம் எனக்குச் சம்மதம்னு அர்த்தம். ருசு இல்லாம நான் எப்படிப் போட?”

உங்களுக்கு ருசு, அதுதான் அத்தாட்சி, காட்ட வந்தவர்கள் கொஞ்சமா! புதிதாக வந்த குருவானவர், பாவம், காலேஜில் படித்தவர், கக்கத்தில் தடித்தடியாகப் புஸ்தகங்களோடு வந்தார். கண்ணின் அமைப்பு, நட்சத்திரத்தின் ஓட்டம், பழைய ராஜாக்களின் காலக்கணக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். நீங்கள் ஒவ்வொன்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் உண்டாக்கினவர் ஒருத்தர் இருக்காருங்கதுக்கு ருசு. ஒத்துக்கிடுதேன். அவருக்கு என் வீட்டுக்காரியைத் தெரியுமாங்கதுக்கு ருசு?” என்று கேட்டீர்கள். குருவானவர் புஸ்தகத்தை மூடினார். “அதுக்கு ருசு தேவையில்லை, விசுவாசம் போதும்” என்றார். “அப்ப இந்தப் புஸ்தகத்தையெல்லாம் ஏன் சுமந்துட்டு வந்திய?” என்றீர்கள். நான் சோடா உடைத்துக் கொடுத்து இரண்டு பேரையும் பிரித்துவிட்டேன்.

நானும் ஒரு ருசு கொண்டுவந்தேன். நீங்கள் அதை மதிக்கவே இல்லை. “சோடாவுக்குள்ள இருக்க கேஸு கண்ணுக்குத் தெரியுதா? ஆனா கோலியைத் தள்ளுனா மூஞ்சியில அடிக்கால்லியா? ஆவியானவரும் அப்படித்தான்” என்றேன். எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா?

“கேஸு உருளையில வருது. அதுக்குப் பில்லு இருக்கு. ஆவியானவருக்குப் பில்லு உண்டா வே?”

இன்னொரு நாள், ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். இந்த ஊர்க் கதையே ருசு கேட்ட கதைதானாம். சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று இரண்டு நாகங்கள் சண்டை போட, அம்மன் தபசிருக்க, இரண்டு பேரும் ஒரே உருவாக வந்து நின்று காட்டினார்களாம். “பாம்பு கேட்டாக்கூட இந்த ஊர்ல பதில் கிடைச்சிருக்கு. பத்திரம் எழுதுதவன் கேட்டா மட்டும் சத்தத்தைக் காணோம்” என்றீர்கள். கேலியாகத்தான் சொன்னீர்கள். ஆனால் குரல் கேலியாக இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போது யாவாரம் மும்முரம்.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். சொல்லச் சொல்ல மனசு அங்கேயே இழுக்கிறது.

உங்களுக்கு நெஞ்சைப் பிடித்ததும், காம்பவுண்டர் பிச்சையாவைக் கூட்டிவர எஸ்தர் ஓடினாள். போகிற வழியில் குருவானவருக்கும் ஆள் அனுப்பினாள். கட்டிலண்டை நான் ஒருத்தன்தான். கிடா காலையில் மேயப் போனது, திரும்பவில்லை. அதையும் நீங்கள் முந்தியே விசாரித்திருந்தீர்கள். பிறகு கண்ணைத் திறந்து, தெளிவாக, பத்திரம் வாசிக்கிற குரலில் கேட்டீர்கள்:

“வந்துட்டாரா?”

அவ்வளவுதான். யார் என்று இல்லை. கொல்லைப் பக்கம் கிடாவின் கழுத்து மணி கேட்டது. நான், “வந்துட்டாரு அத்தான்” என்றேன். நீங்கள் வாசலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள். சரி என்பதுபோல ஒருதரம் தலையாட்டினீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். எஸ்தரும் பிச்சையாவும் வந்தபோது உங்கள் கை என் கையில் கனமாக இருந்தது.

இப்படியா ஒரு மனுஷன் போவது? நாலெல்லை எழுதாமல் ஒரு செண்டு நிலத்தைக்கூட விட்டதில்லையே நீங்கள்! வடக்கே யார், தெற்கே யார், தகப்பன் பேர் என்ன, சுவர் யார் பக்கம் என்று கேட்டுக் கேட்டு ஆட்களை அழவைத்த நீங்கள், கடைசியில் எழுவாய் இல்லாமல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டீர்களே! எழுவாய் என்ற சொல்லே எனக்குத் தெரியாது, எஸ்தர்தான் சொன்னாள். தெரிந்தபின் கோபம் இன்னும் கூடிவிட்டது.

ஏன் இவ்வளவு கோபம் என்றால், இதுதான் விஷயம். அக்காவின் கல்லறைக் கல்லில் “விசுவாசத்தில் நித்திரையானாள்” என்று வெட்டியிருக்கிறது. பக்கத்தில் உங்கள் கல்லிலும் அதே மாதிரி வெட்ட வேண்டும் என்று எஸ்தர் கேட்டாள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், “இத்தனை வருஷம் நற்கருணை வாங்காத ஆளுக்கு எப்படி அப்படிப் போட?” என்றார். கடைசி நேரத்தில் கூட இருந்தவன் நான் ஒருத்தன். ஆகவே சபையில் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று தீர்மானமாயிற்று. “வந்துட்டாரா” என்று கேட்டீர்கள் என்பது மட்டும்தான் அப்போது எல்லாருக்கும் தெரியும். என் பதிலும் மணிச் சத்தமும் என்னிடமே இருந்தன.

குருவானவர் முகமெல்லாம் வெளிச்சமாகக் கடைக்கு வந்தார். “கர்த்தரைத்தான் கேட்டிருக்கிறார் தேவசகாயம். வேறு யாரை ‘ஆர்’ போட்டுக் கேட்பார்? பிச்சையா சின்னப் பையன். அவனை யாராவது ‘வந்துட்டாரா’ என்பார்களா?”

அவர் ஊருக்குப் புதுசு. உங்கள் ‘ஆர்’ அவருக்கு என்ன தெரியும்? நானும் இதையே ராத்தூக்கம் கெட்டு அலசியிருக்கிறேன். குருவானவரையே கேட்டிருப்பீர்களோ? மாட்டீர்கள். அவரை மட்டும் நீங்கள் எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு படி கூட்டி ‘வந்தாவ’ என்பீர்கள், ‘வந்துட்டாவளா’ என்று கேட்டிருப்பீர்கள். ஆக அவர் கழிந்தார். மிச்சம் பிச்சையா, கிடா, கர்த்தர். இந்த மூன்று பேருக்கும் உங்கள் வாயில் ஒரே மரியாதை. இதற்கு மேல் எந்த வக்கீலால் பிரிக்க முடியும்?

“ஐயா, அவரு ருசு கேட்டப்ப தேவையில்லைன்னு சொன்னிய. இப்ப அவரு போனதும் நீங்க எங்கிட்ட ருசு கேக்கிய” என்றேன். கேலிக்குத்தான் சொன்னேன். அவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்காகக் கேக்கிறேன் தேவசகாயம்” என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

‘கர்த்தரைத்தான் கேட்டார்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல் வெட்டிவிடுவார்கள், எஸ்தர் தூங்குவாள். வாசிக்காமல் சாட்சி போட்டுப் பழகிய கைக்கு இது பெரிய காரியமா? ஆனால் “அதுதான் வே ஆபத்து” என்று காதுக்குள் உட்கார்ந்துகொண்டு நீங்கள் விடவில்லை. செத்தும் ஒரு மனுஷனை நிம்மதியாகப் பொய் சொல்ல விடாவிட்டால் எப்படி?

கடைசியில் எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிடா மணி உள்பட. அவள் முகத்தைப் பார்க்காமல், பாட்டில் கழுவிக்கொண்டே சொன்னேன்.

“ஆட்டையா மாமா?” என்றாள்.

“ஆட்டையும் இருக்கலாம் மக்கா. எனக்குத் தெரியல. நான் ஆட்டைத்தான் நினைச்சேன். அத்தான் யாரை நினைச்சாவன்னு...”

அவள் சிரித்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் கழுவின பாட்டிலையே மறுபடி கழுவினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க வந்துட்டாருன்னதும் அப்பா யாருன்னு கேக்கலையா?”

“கேக்கல.”

“எட்டிப் பாக்கலையா?”

“இல்லம்மா. என் முகத்தைப் பாத்தாவ. தலையாட்டினாவ.”

“உங்க பேச்சை அப்பா அப்படியே ஏத்துக்கிட்டாவளா?” என்றாள், கிடாவைவிட அதுதான் பெரிய அதிசயம் என்பதுபோல.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது, அத்தான். கண்ணால் காணாமல் பிறர் வாயால் கேட்ட கேள்விச் சாட்சி செல்லாது, செல்லாது என்று ஆயுசு முழுக்கச் சொன்னவர் நீங்கள். வந்தது யாராயிருந்தால் என்ன, அதற்கு உங்களிடம் இருந்த ஒரே ருசு என் வாய். மூன்றாம் வகுப்பு வாய். நாலெல்லை கேட்கவில்லை, தகப்பன் பேர் கேட்கவில்லை. ஏன்? களைப்பா? இல்லை, “உம்மைத்தான் எனக்கு நல்லாத் தெரியுமே” என்றீர்களே, அதுவா? அந்த இடத்துக்கு வந்துசேர இத்தனை வருஷமும் இத்தனை சண்டையும் வேண்டியிருந்ததா? அக்காவின் விஷயத்திலும் அப்படி ஒருதரம் தலையாட்டியிருக்கக் கூடாதா? அல்லது நான்தான் ஒரு தலையசைப்பைப் போட்டுக் கூடுதலாக அலசுகிறேனா?

போன ஞாயிறு சபையில் எழுந்து எல்லாவற்றையும் கேட்டபடி சொன்னேன். கர்த்தர் என்று சொல்லவில்லை. கிடா என்றும் முடிவு கட்டவில்லை. கமிட்டிப் பெரியவர், “அப்ப இது எந்த விதத்துலயும் சாட்சி ஆகாதே” என்றார். நியாயம்தான். எஸ்தர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். உங்கள் குரலேதான்.

“வருவாருன்னு நினைக்காத ஆளை யாரும் ‘வந்துட்டாரா’ன்னு கேக்க மாட்டாவ. அப்பா யாரையோ எதிர்பாத்தாவ. யாருன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்ச மட்டுக்கும் வெட்டுங்க. ‘காத்திருந்து நித்திரையானார்’னு போடுங்க.”

பெரியவர் அதை இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார். அவருக்குக் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. குருவானவர், “இதைவிட நல்லதாக என்னால் எழுத முடியாது” என்றார். கல்தச்சர் வெட்டுவதற்கு முன்னால் தாளில் எழுதிக் கொடுத்ததை நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தேன். வாழ்க்கையில் முதல்தரம், வாசித்துவிட்டுச் சாட்சி நின்றேன். சந்தோஷமா?

எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை ஒளிக்கமாட்டேன். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உங்கள் வழக்கு தீரும்வரை கிடாவை விற்கமாட்டேன், விருந்துக்கும் விடமாட்டேன். நான் அங்கே வந்து சேருகிற அன்றைக்கு, அக்காவிடம் பேசுவதற்கும் முந்தி, உங்கள் எதிரே நின்று, “யாரைக் கேட்டிய?” என்று கேட்பேன். நீங்கள் என்ன சொன்னாலும் ருசு கேட்கமாட்டேன்.

ஒன்று விட்டுப்போயிற்று. சபையில் நான் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தபோது, “வந்துட்டாரா” என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினேன். பக்கவாசல் திறந்திருந்தது. கிடா உள்ளே வந்தார். நடுவழியாக நேரே போனார். பீடத்தண்டை ஜாடியில் இருந்த செவ்வந்திப் பூ முழுவதையும் தின்றார். ஜாடி விழுந்து உடைந்துவிட்டது. கமிட்டியில் வேறு ஜாடிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடும் சாட்சி,
உங்கள் மைத்துனன்,
சோடாக்கடை தேவசகாயம்
சங்கரன்கோவில்